போன் கேமராவில் வாட்டம் பார்த்த கதை

அம்மாவின் சக்கர நாற்காலிக்காக வாசலில் ஒரு சாய்தளம் கட்ட வேண்டியிருந்தது. ஏற வேண்டிய உயரம் ஒன்றரை அடி. நாற்காலிக்கு வாட்டம், அதாவது சரிவு, 1:12-ஐ (12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம்) தாண்டக் கூடாது என்பதுதான் கணக்கு. அப்படியானால் 18 அடி நீளம் வேண்டும். நேராக அவ்வளவு இடம் கிடையாது என்பதால் நடுவில் ஒரு சமதளம் விட்டு ‘ட’ வடிவில் மடக்கினோம்.

வேலையை நானே சரிபார்க்கிறேன் பேர்வழி என்று போனில் ஒரு செயலியைப் போட்டேன். பிளே ஸ்டோரில் கிளினோமீட்டர் (சாய்வுமானி) என்று தேடினால் வரிசையாக வருமே, அதில் ஒன்று, இலவசம். கேமராவைத் திறந்தால் திரையின் குறுக்கே ஒரு கோடு வரும், அதைச் சரிவின் விளிம்போடு பொருத்தினால் டிகிரி காட்டும், அவ்வளவுதான். 1:12 என்றால் 4.76 டிகிரி வர வேண்டும்.

கொத்தனார் ஓரத்துச் செங்கல் வரிசையை வைத்து முடித்ததும் கேட்டருகே நின்றபடியே பிடித்தேன். 6.7 என்றது. "அண்ணே, வாட்டம் அதிகமா இருக்கே" என்றேன். "அடிக்கு ஒரு இஞ்ச்தானே தம்பி கேட்டீங்க, அதான் இருக்கு" என்றார் அவர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். நான் விடாமல் போனை நீட்டவும், ஒன்றும் பேசாமல் ட்யூப் லெவலை, அதாவது மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை, எடுத்து வந்து பிடித்துக் காட்டினார். ஆறு அடிக்குச் சரியாக ஆறு அங்குலம். அசடு வழிந்தது.

தப்பு எங்கே என்று ராத்திரி உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது. இந்தச் செயலியில் கேமரா எதையும் அளப்பதில்லை. போன் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை உள்ளே இருக்கும் முடுக்கமானி புவியீர்ப்பை வைத்துச் சொல்கிறது, கேமரா வெறும் குறி பார்க்கத்தான். ஆகவே கண்ணுக்கு எந்தச் சாய்வு தெரிகிறதோ அதுதான் எண்ணாக வரும். பக்கவாட்டில் நேராக நிற்காமல் 45 டிகிரி ஒதுங்கி நின்றால் நீளம் குறுகித் தெரியும், உயரம் குறையாது, 4.76 என்பது 6.7 ஆகிவிடும். நான் நின்றது கிட்டத்தட்ட அப்படித்தான். மறுநாள் பக்கத்தில் போய், போனைச் செங்கல் மட்டத்துக்கு இறக்கிக் குந்தி உட்கார்ந்து பிடித்தேன், 4.8 வந்தது. இதைச் செயலியின் முதல் திரையிலேயே ஒரு வரி போட்டிருக்கலாம். விளம்பரம் போட மட்டும் அவ்வளவு இடம் இருக்கிறது, அதுவும் கோட்டைப் பொருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதுதான் முழுத்திரையில் வந்து விழுகிறது.

கைக்கு எட்டுகிற இடமென்றால் கேமராவே வேண்டாம், மட்டப்பலகையைச் சரிவில் வைத்து அதன் மேல் போனை வைத்துவிடலாம். மல்லாக்க வைக்காதீர்கள். பின்னால் கேமரா 2 மில்லிமீட்டர் புடைத்திருந்தாலே முக்கால் டிகிரி வரை பிசகும். பட்டன் இல்லாத பக்கவாட்டு விளிம்பில் நிறுத்துங்கள். அப்புறம் அதே இடத்தில் முன்பின்னாகத் திருப்பி வைத்து இன்னொரு முறை பாருங்கள். இரண்டு எண்ணுக்கும் வித்தியாசம் வந்தால் அதில் பாதிதான் போனின் பிழை. என் போனில் 0.4 இருந்தது, செயலியில் அளவுதிருத்தம் (கேலிப்ரேஷன்) செய்ததும் போய்விட்டது.

குளியலறைத் தரைக்கு மட்டும் இதை நம்பாதீர்கள். 100-க்கு 1 வாட்டம் என்பதே 0.57 டிகிரிதான், அங்கே இரண்டு தசமத்தில் துடிக்கும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தால் போதும்.

ஏறிப் பார்க்க முடியாத இடத்துக்கு மட்டும் கேமரா நன்றாகவே உதவுகிறது. எதிர்வீட்டு மொட்டை மாடியில் இருக்கும் சோலார் பலகையை எங்கள் மாடியிலிருந்தே பக்கவாட்டில் பிடித்தேன், 12 சொச்சம் வந்தது. சென்னை அட்சரேகை 13, அதையொட்டித்தான் சாய்ப்பார்கள் என்பதால் நம்பும்படி இருக்கிறது. அங்கே ஒரு டிகிரி முன்னே பின்னே போனால் குடி முழுகிவிடாது. உச்சி வெயிலில் திரை தெரியாமல் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பார்த்தது தனிக்கதை.

செயலிக்கு ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். கடைசி நாள் கூலி வாங்கும்போது கொத்தனார் தன் போனிலும் அதைப் போட்டுத் தரச் சொன்னார். அடுத்த வேலை ஓட்டு வீடாம், கூரைச் சரிவை ஏணி போடாமல் பார்க்க வேண்டுமாம். "பக்கத்துச் சந்துல நேரா நின்னு பிடிக்கணும், கேட்டாண்ட நிக்கக் கூடாது, அதானே தம்பி?" என்றார்.