லினக்ஸ் மின்டுடன் ஐந்து வருஷம்

கணினியில் எனக்கு உருப்படியாகத் தெரிந்தது தட்டச்சு மட்டும்தான். தமிழ் ஹையர் பாஸ் செய்தவன். கீபோர்டைப் பார்க்காமல் அடிப்பேன். ஆனால் அடித்த ஃபைலை எங்கே சேமித்தேன் என்று கேட்டால் முழிப்பேன்.

வீட்டு லேப்டாப்பில் விண்டோஸ் 7 இருந்தது. 2020 ஜனவரியோடு அதற்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. 4 ஜிபி ராம் உள்ள பழைய மெஷின் அது. விண்டோஸ் 10 போட்டுப் பார்த்ததில் ஆன் ஆவதற்குள் காபி ஆறிப்போனது. தங்கை மகன்தான் ஒரு பென் டிரைவைக் கொடுத்து, “மாமா, இதுல மின்ட் 20 இருக்கு. இன்ஸ்டால் பண்ணாமலேயே ஓட்டிப் பாருங்க” என்றான். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம்தான் இந்த லினக்ஸ் மின்ட். இரண்டு நாள் பென் டிரைவிலிருந்து அப்படியே ஓட்டினேன். கீழே மெனு, மேலே மூடும் பொத்தான், எல்லாம் பழகிய இடத்திலேயே இருந்தன.

மூன்றாம் நாள் அவனைக் கேட்காமல் நானே நிறுவினேன். அங்கேதான் சறுக்கியது. டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவவா என்று கேட்டது. பழைய விண்டோஸைத்தான் அழிக்கும் என்று நினைத்து சரி கொடுத்தேன். அது சொன்னது மொத்த டிஸ்க்கையும்! மகள் கல்யாணப் போட்டோக்கள் எல்லாம் போயின. அண்ணன் வீட்டில் ஒரு காப்பி இருந்ததால் வீட்டில் எனக்குச் சோறு கிடைத்தது.

அடுத்து வைஃபை வரவில்லை. அதை இயக்கும் மென்பொருளான டிரைவரை இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டுமாம். இணையம் வருவதற்கே இணையம் வேண்டும்! மொபைலை யுஎஸ்பி ஒயரில் மாட்டி, மொபைல் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கும் டெதரிங்கை ஆன் செய்து, டிரைவர் மேனேஜரைத் திறந்தால் ஒரே ஒரு வரி காட்டியது. அதைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்ததும் வைஃபை வந்தது.

நான் பயந்தது தமிழுக்குத்தான். ஐபஸ்-எம்17என் என்ற தமிழ் தட்டச்சுக்கான பேக்கேஜை நிறுவியபின் தமிழ்99, ஃபொனடிக் ஆகிய விசைப்பலகை முறைகளோடு டைப்ரைட்டர் முறையும் பட்டியலில் இருந்தது. இடது கையை வைத்து யளனக அடித்தேன். யளனக வந்தது! இன்ஸ்டிட்யூட்டில் முதல் நாள் அடித்த அதே வரிசை. பழைய ஃபைல்களை மின்டிலுள்ள லிப்ரே ஆபீஸ் என்ற ஆவண மென்பொருளில் திறந்தபோது மட்டும் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டின. இன்றைய பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு முந்தைய ஃபான்டில் அடித்தவை அவை. அந்த ஃபான்டை நிறுவியதும் தமிழாகிவிட்டன.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் என்ற ஜன்னலைப் பார்த்து யாரும் மிரள வேண்டாம். ஐந்து வருஷத்தில் நான் அதைத் திறந்தது பத்துப் பதினைந்து தடவை இருக்கும். அதுவும் தங்கை மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வரியை ஒட்டுவதற்கு. புரியாத வரியை மட்டும் ஒட்டாதீர்கள். சிஸ்டத்தின் நிலையை அவ்வப்போது சேமித்துவைக்கும் டைம்ஷிஃப்டை முதல் நாளே ஆன் செய்துவிடுங்கள். ஒருமுறை அப்டேட்டுக்குப் பிறகு சத்தமே வரவில்லை. முந்தைய நாள் நிலைக்குத் திருப்பினேன், சரியாகிவிட்டது. ஆனால் அது காப்பது சிஸ்டத்தைத்தான், நம் போட்டோக்களை அல்ல. அதற்குத் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிவிட்டேன், பட்ட அனுபவம் அப்படி.

தீராத குறை பிரிண்டர். என்னிடம் உள்ள மாடலுக்கு லினக்ஸ் டிரைவர் கிடைக்கவில்லை, என்னென்னவோ செய்தும் ஒரு தாள்கூட நகரவில்லை. அது இப்போது துணி போர்த்தி மூலையில் இருக்கிறது. நான் பிடிஎஃப்பைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போய்வருகிறேன்.