ஊருக்குப் போகும்போது ஓவியங்களை ஸ்கேன் செய்ய: எந்தக் கடையில் எது சரிவரும்

ஊரில் ஸ்கேனருக்குப் பஞ்சமில்லை. ஜெராக்ஸ் கடை, போட்டோ ஸ்டூடியோ, ஃபிளெக்ஸ் அடிக்கும் இடம் என்று எங்கும் ஒன்று இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் அவை எழுத்துத் தாள்களுக்காக அமைத்து வைக்கப்பட்டவை. கையால் வரைந்த படத்தைக் கொடுத்தால், நல்லது செய்வதாக நினைத்து இயந்திரமே அதைக் கெடுத்துவிடும்.

ஜெராக்ஸ் கடையில் இருக்கும் பெரிய இயந்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக அது 200 அல்லது 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு), அழுத்திச் சுருக்கிய பிடிஎஃப் ஆகத்தான் கொடுக்கும். கூடவே ‘பேக்ரவுண்ட் ரிமூவல்’ என்று ஒரு வசதி. பழுப்பேறிய தாளை வெள்ளையாக்க வந்தது அது. பத்திரத்துக்கு வரம், வாட்டர்கலருக்குச் சாபம். வெளிர்நீல வானத்தைத் தாளின் கறை என்று எடுத்துக்கொண்டு துடைத்துவிடும்; மெல்லிய பென்சில் நிழல்களும் அதோடு போய்விடும். எனவே முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: “அண்ணே, போட்டோ மோடுல 600 டிபிஐ வைங்க, டிஃப் ஃபைலா வேணும். பேக்ரவுண்ட் ரிமூவல், ஆட்டோ கலர் எல்லாம் ஆஃப் பண்ணிருங்க.” டிஃப் என்பது தரம் குறையாமல் சேமிக்கும் ஃபைல் வகை; அது இல்லையென்றால் உச்சத் தரத்தில் ஜேபெக். மேலே தாள் இழுக்கும் ஃபீடரில் மட்டும் போட விடாதீர்கள். உருளையில் வளைந்து வண்ணம் வெடிக்கும். பேஸ்டல் என்றால் உருளையில் ஒட்டி, அடுத்து வருபவரின் சான்றிதழில் போய் இறங்கும்.

கொஞ்சம் தேடினாலும் பரவாயில்லை, சிசிடி வகை (லென்ஸ் வழியாகப் பார்க்கும் சென்சார்) ஃபிளாட்பெட், அதாவது தாளைக் கண்ணாடிமேல் கிடத்தும் ஸ்கேனர், வைத்திருக்கும் ஸ்டூடியோவைப் பிடிப்பது நல்லது. யுஎஸ்பி கேபிளிலேயே மின்சாரம் எடுக்கும் ஒல்லி ஸ்கேனர்கள் அநேகமாக சிஐஎஸ் வகை, அதாவது சென்சார் கண்ணாடிக்கு மிக அருகிலேயே இருப்பவை. கண்ணாடியை ஒட்டிய பரப்பை மட்டுமே அவை கூர்மையாகப் பார்க்கும். தாள் சில மில்லிமீட்டர் மேலே எழும்பியிருந்தாலே அந்த இடம் மங்கிவிடும். மடிப்பு விழுந்த தாள், கொலாஜ், தடித்த வண்ணம் எதற்கும் அது ஆகாது.

டிபிஐ கணக்கு எளிது. அதே அளவில் அச்சிட 300 போதும், இரண்டு மடங்கு பெரிதாக்க 600. பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்களில் மயங்க வேண்டாம். ‘ஆப்டிகல்’ என்று சொல்லும் எண்தான் கணக்கு, மற்றது மென்பொருள் ஊதிப் பெருக்கியது. 600 டிபிஐயில் ஒரு ஏ4 தாள் ஏறக்குறைய 4960 × 7016 பிக்சல் வர வேண்டும். சுருக்காத 24 பிட் டிஃப் என்றால் சுமார் 100 எம்பி. கையில் வருவது 2 எம்பி என்றால் எங்கேயோ சுருக்கியிருக்கிறார்கள்.

ஸ்டூடியோவில் வேறொரு தொல்லை: கை சும்மா இருக்காது. முகங்களை வெளுப்பாக்கிப் பழகியவர் ஓவியத்தையும் ‘பளிச்’ ஆக்கிவிடுவார். “தம்பி, எடிட் பண்ணாத ஒரிஜினல் ஸ்கேன் முதல்ல குடுங்க” என்று தன்மையாகக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். திருத்தம் செய்வதைப் பிறகு நிதானமாக வைத்துக்கொள்ளலாம். வெளுத்துப்போன வண்ணத்தைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

நெளிந்த வாட்டர்கலர் தாள்களை இரண்டு சுத்தமான வெள்ளைத் தாள்களுக்கு இடையில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஓரிரு நாள் விடுங்கள். இல்லையென்றால் நெளிவெல்லாம் கருநிழலாக விழும். பின்பக்கம் எழுத்தோ படமோ இருந்தால் கறுப்புத் தாளைப் பின்னால் வைத்தால் ஊடுருவித் தெரியாது. கண்ணாடியைத் துடைக்கும் திரவத்தைத் துணியில்தான் தெளிக்க வேண்டும். கண்ணாடியில் தெளித்தால் ஓரம் வழியாக உள்ளே இறங்கும். சொரசொரப்பான தாளில் ஒரு பக்க வெளிச்சத்தால் மேடுபள்ளம் மிகையாகத் தெரிந்தால், படத்தை 180 டிகிரி திருப்பி இன்னொரு ஸ்கேன் எடுங்கள். பிறகு எடிட்டிங் மென்பொருளில் இரண்டாவதை நேராகத் திருப்பி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று துல்லியமாகப் பொருத்தி, மேலடுக்கின் ஒபாசிட்டியை (அடியிலிருப்பதை மறைக்கும் அளவை) 50 சதவீதம் ஆக்கினால் நிழல்கள் ஒன்றையொன்று பெருமளவு ஈடுகட்டிவிடும்.

கண்ணாடியை விடப் பெரிய படத்தைப் பகுதி பகுதியாக எடுத்து ஒட்டலாம். ஒவ்வொரு பகுதியும் அடுத்ததோடு கால் பங்காவது மேல்பொருந்த வேண்டும். இங்கே ஆட்டோ எக்ஸ்போஷர் இருந்தால் கெட்டது: ஒவ்வொரு பகுதிக்கும் வேறு வெளிச்சம் வைத்து, ஒட்டிய இடம் கோடாகத் தெரியும். கட்டட வரைபடங்களை எடுக்கும் அகல ஸ்கேனர் தாளை உருளையில்தான் இழுக்கும். மையால் வரைந்த மெல்லிய தாளுக்கு மட்டும் சரி.

ஆயில் பெயின்டிங், கரி, தங்கத்தாள் ஒட்டியவை ஸ்கேனருக்கே வேண்டாம். தங்கம் கறுப்பாகவோ சேற்றுப் பழுப்பாகவோ வரும். இவற்றுக்கு டிரைபாடில் கேமரா, இரு பக்கமும் 45 டிகிரியில் ஒரே வகை விளக்கு, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் திறப்பு எஃப்8, ரா ஃபைல் (கேமரா சுருக்காமல் தரும் மூலப் பதிவு). கேமரா நேராக நிற்கிறதா என்று பார்க்க, படம் இருக்கும் இடத்தில் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றை அதே தளத்தில் ஒட்டிப் பாருங்கள். லென்ஸின் பிம்பம் வ்யூஃபைண்டரின் நடுவில் விழுந்தால் சரி. ஃபுளோரசன்ட் வண்ணங்கள் எப்படி எடுத்தாலும் மங்கலாகவே வரும், அதற்குக் கடைக்காரரைக் குறை சொல்ல வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பச் சொல்லாதீர்கள். அத்தனை பிக்சலும் வீணாகும். காலியான பென் டிரைவ் ஒன்றைக் கொடுத்து, கடையை விட்டு இறங்குமுன் அங்கேயே ஒவ்வொரு ஃபைலையும் 100 சதவீத அளவில் திறந்து நான்கு மூலைகளையும் பாருங்கள். ஓரம் வெட்டுப்பட்டிருப்பதும் முடி விழுந்திருப்பதும் அங்கேதான் அகப்படும்.