ஓட்டைப் புத்தகம்: பழையதா, புதியதா, போனா?

என் மகளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது, 1994-இல், லண்டனிலிருந்து வந்த அண்ணன் ஒரு படப்புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார். எரிக் கார்ல் எழுதி வரைந்த ‘தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்’. எங்கள் வீட்டில் அதற்கு ஓட்டைப் புத்தகம் என்று பெயர். இப்போது அவள் பையனுக்கு ஒன்றரை வயது. பழையதையே கொடுக்கலாமா, புதிதாக வாங்கலாமா, போனில்தான் வீடியோ இருக்கிறதே என்று ஒரு வாரம் வீட்டில் பஞ்சாயத்து நடந்தது. மூன்றையும் அவனிடமே காட்டிப் பார்த்துவிட்டோம்.

கதை ரொம்பச் சின்னது, ஆங்கிலத்தில் 224 சொற்கள்தான். முட்டையிலிருந்து வந்த புழு திங்களன்று ஓர் ஆப்பிள், செவ்வாயன்று இரண்டு பேரிக்காய் என்று கூட்டிக்கொண்டே போய், வெள்ளிக்கிழமை ஐந்து ஆரஞ்சில் வந்து நிற்கும். சனிக்கிழமை சாக்லேட் கேக், ஐஸ்கிரீம், சலாமி என்கிற இறைச்சித் துண்டு, தர்பூசணி எல்லாம் சேர்த்துப் பத்து அயிட்டம். அன்று ராத்திரி வயிற்றுவலி. மறுநாள் ஓர் இலை, அப்புறம் கூடு, அப்புறம் பட்டாம்பூச்சி.

விஷயம் கதையில் இல்லை, ஓட்டையில் இருக்கிறது. ஒருநாள் பஞ்சிங் மெஷினால் காகிதக் கட்டில் துளை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் கார்லுக்குப் புத்தகத்தைத் தின்னும் புழு ஞாபகம் வந்ததாம். பழப் பக்கங்கள் ஒரே அகலத்தில் இருக்காது. திங்கள் ஒல்லி, செவ்வாய் கொஞ்சம் அகலம், இப்படிப் படிப்படியாக விரியும். புழு தின்ற இடத்தில் நிஜமாகவே ஓட்டை இருக்கும். 1969-இல் இதைக் கட்டுப்படியாகும் செலவில் அச்சடிக்க அமெரிக்காவில் ஆள் கிடைக்காமல், பதிப்பாசிரியர் ஆன் பெனிடியூஸ் ஜப்பானில் அச்சகம் பிடித்தார். அதனால் நான் மூன்றையும் பார்த்த கணக்கு ஒன்றுதான்: குழந்தையின் விரலுக்கு அந்த ஓட்டை என்னவாகிறது?

முதலில் வீடியோ, சீக்கிரம் முடித்துவிடலாம். புழு நெளிகிறது, இசை வருகிறது, எல்லாம் சரி. பேரன் ஓட்டையில் விரலை வைத்தான், படம் நின்றுவிட்டது. மறுபடி வைத்தான், ஓடியது. மூன்றாவது முறை ஏதோ விளம்பரம் வந்து அழுதான். ரயில் பயணத்துக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

புதிதாக வாங்கியது கெட்டி அட்டைப் பதிப்பு, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. கடித்தான், தூக்கிப் போட்டான், அதன் மேலேயே உட்கார்ந்தான். ஒன்றும் ஆகவில்லை. ஆப்பிள் ஓட்டையில் விரலை விட்டு, அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கும் தன் நகத்தைப் பார்த்துச் சிரித்தான். பக்கத்தை அவனே திருப்புகிறான், யாரும் அதட்ட வேண்டியதில்லை. குறை என்றால் அளவுதான். கடைசியில் இரண்டு பக்கம் நிறைய விரிய வேண்டிய பட்டாம்பூச்சி இதில் கையடக்கமாகச் சுருங்கிவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு ஒன்றும் தெரியாது.

பழைய பெரிய புத்தகத்தில் அந்தக் குறை இல்லை. டிஷ்யூ காகிதத்தில் சாயம் தீட்டி, வெட்டி ஒட்டிச் செய்த படங்கள் அவை. தூரிகை போன தடம்கூட இதில் கண்ணுக்குத் தெரியும். ஆனால் தாள் தாள்தான். என் மகள் மூன்று வயதில் இழுத்த இழுப்பில், புதன்கிழமையின் மூன்று பிளம்ஸில் இரண்டு ஓட்டைகள் ஒன்றாகிவிட்டன. நான் ஒட்டிய செல்லோடேப் இப்போது தேன் நிறத்தில் இருக்கிறது. சனிக்கிழமைப் பக்கத்தில் சலாமிக்குப் பக்கத்தில் நீலப் பேனாவில் ஒரு வட்டம். புழுவுக்கு அவள் வைத்த இட்லி. முப்பது வருஷம் கழித்து அதைப் பார்த்தவள், “அம்மா, சட்னி வைக்க மறந்துட்டேன்” என்றாள். இது எந்தப் புதுப் பிரதியிலும் கிடைக்காது. ஆனால் பேரனுக்கு இட்லி என்ன தெரியும்? பக்கத்துக்குப் பக்கம் நான் “மெதுவா, மெதுவா” என்றதில், மூன்றாவது ‘மெதுவா’வுக்கு மடியிலிருந்து இறங்கிப் போய்விட்டான்.

அவனைத் திரும்ப உட்கார வைத்தது என் அம்மா. அவருக்கு ஆங்கிலம் தெரியாது, படத்தைப் பார்த்துத் தமிழில் சொல்கிறார். புழுவைக் கண்டதும் முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி என்று முகம் சுளித்தவர்தான். சலாமி ‘வட்டமா ஏதோ ஒண்ணு’ ஆகிவிட்டது, பிக்கிள் வெள்ளரிக்காய். ஆங்கிலத்தில் இந்தப் புத்தகத்தின் மேல் ஒரு பழைய புகார் உண்டு: கூட்டுக்குக் கார்ல் எழுதிய ‘கக்கூன்’ என்ற சொல் அந்துப்பூச்சிக்குத்தான் சரி, பட்டாம்பூச்சிக்கு அது ‘கிரிசாலிஸ்’ என்பார்கள். அம்மாவிடம் அந்தப் பிரச்சினையே எழவில்லை. கூடு என்றார், முடிந்தது. முட்டை பொரிவது ஞாயிற்றுக்கிழமை, சூரியன் உதிக்கும் நேரம். ‘ஞாயித்துக்கிழமை ஞாயிறு வந்துச்சு’ என்று அவர் தற்செயலாகத்தான் சொன்னார். எனக்கு இரண்டு நாள் அது காதிலேயே நின்றது.

ஆக, அட்டைப் புத்தகம் பேரனின் பொம்மைக் கூடையில் கிடக்கிறது, அது அவன் சொத்து. பழையதைப் பிளாஸ்டிக் உறை போட்டு பீரோவில் வைக்கச் சொன்னார் என் கணவர், நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாய் விரித்து, அம்மா பக்கங்களைத் திருப்ப, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்க்கிறோம். போன வாரம் பேரன் கிழிந்த பிளம்ஸ் ஓட்டையைத் தேடி விரலை விட்டான். பழைய டேப் ஓரத்தில் பிய்ந்து வந்தது. மகள் எழுந்து கத்தரிக்கோல் எடுக்கப் போனாள்.