திருமணமா, பதிவுசெய்த இணைவாழ்வா? அமெரிக்க ஒருபாலின இணையரின் காப்பீடும் வரியும்

அமெரிக்காவில் ஒருபாலின இணையருக்குத் திறந்திருக்கும் திருமணமும், மணம் செய்யாமலே இணையராக மாநில அரசிடம் பதிந்துகொள்ளும், கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் உள்ள பதிவுசெய்த இணைவாழ்வும் அன்றாடத்தில் ஒன்றுபோலத் தோன்றினாலும், சம்பளச் சீட்டில் அவை ஒன்றல்ல.

இணைவாழ்வைப் பதிந்துகொண்ட ஒருவர் தம் நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டில் துணையைச் சேர்த்தால், அத்துணை வரிச்சட்டப்படி அவரைச் சார்ந்தவராக இல்லாதபோது, துணைக்காக நிறுவனம் செலுத்தும் தொகை அவர் கைக்கே வராத வருமானமாகச் சம்பளத்தோடு கூட்டப்படுகிறது. அது மாதம் 500 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 6,000. அதன்மேல் 22 விழுக்காட்டு வருமான வரியும், சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத் திட்டத்துக்கும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கும் 7.65 விழுக்காட்டுப் பிடித்தமும் சேர்ந்து 1,779 டாலர் போய்விடும். மணமானவருக்கு இந்தப் பிடித்தம் கிடையாது. கலிபோர்னியா தன் மாநில வரியில் இரு சாராரையும் சமமாகவே நடத்துகிறது. கூட்டரசோ இணைவாழ்வினரை மணமாகாதவர்களாகவே கணக்கிடுகிறது.

மணமானவர்களுக்கும் இது எளிதில் கிடைத்துவிடவில்லை. 2007இல் டொராண்டோவில் தியா ஸ்பையர் என்ற பெண்ணை மணந்த எடித் வின்ட்சர், 2009இல் தியா இறந்தபோது, அந்த மணத்தைக் கூட்டரசு ஏற்காததால், கணவனை இழந்த பெண் எவருக்கும் விதிக்கப்படாத 3,63,053 டாலர் மரபுச் சொத்து வரியைக் கூட்டரசுக்குச் செலுத்த வேண்டியிருந்தது. துக்க வீட்டில் வந்து நின்ற அந்தக் கணக்கை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. வின்ட்சர் தொடுத்த வழக்கில் 2013 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே இந்த வேறுபாட்டை நீக்கியது.

இருவரும் நிறையச் சம்பாதித்தால் திருமணத்தால் வருமான வரி சற்றுக் கூடலாம். ஆயினும் ஒருவரின் காப்பீட்டை மற்றவர் நம்பியிருக்கும் வீட்டில் திருமணமே பாதுகாப்பானது என்பது என் முடிவு.