சாய்ந்து நின்ற பழைய கார்: ஒரு பணிமனைச் சேவை குறித்து

நான் வாங்கிய பழைய காரின் முன்புற இடது பக்கம் வலதைவிட 22 மில்லிமீட்டர் தாழ்ந்து நின்றது. முதலில் காட்டிய இடத்தில் ஷாக் அப்சார்பர்களை மாற்றச் சொன்னார்கள். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங்தான், ஷாக் அப்சார்பர் அதன் ஆட்டத்தை அடக்குவது மட்டுமே என்பதால் அதை நான் ஏற்கவில்லை.

இரண்டாவது பணிமனையை மனதாரப் பாராட்டுகிறேன். டிக்கியைக் காலி செய்து, நான்கு டயர்களின் காற்றழுத்தத்தையும் சரிபார்த்து, வண்டியைச் சமதளத்தில் முன்னும் பின்னும் உருட்டி நிறுத்திய பிறகே அளவெடுத்தார்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் கணக்கில் கலந்துவிடும் என்பதால், சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தார்கள். பின்புறத்தில் ஒரு மூலை தாழ்ந்தாலும் முன்புறம் சாயக்கூடும். எனவே பின்பகுதியை நடுவில், உறுதியான ஒரே புள்ளியில் ஜாக் வைத்துத் தூக்கிப் பார்த்தார்கள். சாய்வு மறையவில்லை, ஆகவே கோளாறு முன்புறத்தில்தான் என்று தெரிந்தது. திருப்பங்களில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியான ஆன்டி ரோல் பாரின் இணைப்பைக் கழற்றியும் மாற்றமில்லை.

இடது ஸ்பிரிங்கின் கடைசிச் சுருள், அது அமரும் கிண்ணத்துக்குள்ளேயே முறிந்து, துருவில் மறைந்திருந்தது. மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணில் அது படவே படாது. ஒன்றை மட்டும் மாற்றினால் உயரம் மீண்டும் வேறுபடும் என்று விளக்கி, இரண்டு ஸ்பிரிங்குகளையும் மாற்றினார்கள். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் ஆர்மின் மூட்டிலுள்ள ரப்பர் புஷ் முறுக்கிக்கொள்ளாதிருக்க, வண்டி சக்கரங்களில் நின்ற நிலையில்தான் ஆர்ம் போல்ட்டுகளை இறுதியாக இறுக்கினார்கள்.

இப்போது வேறுபாடு 3 மில்லிமீட்டர். அளவுகளை எழுத்தில் தராததே என் ஒரே குறை. சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட்டையும் நானே கேட்டுத்தான் செய்துகொள்ள வேண்டியிருந்தது.