கிதார் பிக்கப் வாங்கும்போது ஓம் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்

பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றும், காந்தமும் காயிலும் (கம்பிச்சுருள்) கொண்ட பாகம். பிரிட்ஜ் (கம்பிகள் கிதாரின் உடலில் தாங்கி நிற்கும் இடம்) பக்கம் இரண்டு காயில் கொண்ட ஹம்பக்கர், நடுவிலும் நெக்கிலும் ஒரே காயில் கொண்ட சிங்கிள் காயில் என்று அமைந்த கிதார் என்னுடையது. பல வருடங்களாக இதைத்தான் வாசிக்கிறேன்.

பிரிட்ஜில் முதலில் இருந்தது காயிலின் மின்தடை 16 கிலோ ஓம் காட்டும், செராமிக் காந்தம் வைத்த ஹம்பக்கர். டிஸ்டார்ஷனில் நன்றாக இறுகி நின்றது. ஆனால் க்ளீனில் எதை வாசித்தாலும் ஒரே தடிமன், கார்டுக்குள் இருக்கும் தனித்தனி ஸ்வரங்கள் கேட்கவே கேட்காது. அதை எடுத்துவிட்டு 8 கிலோ ஓம் அளவுள்ள அல்நிகோ 5 (உலோகக்கலவைக் காந்தம்) ஹம்பக்கரைப் போட்டேன். சத்தம் கொஞ்சம் குறைந்தது உண்மைதான். ஆனால் கை அழுத்தம் மாறினால் டோனும் கூடவே மாறுகிறது. எனக்கு இதுதான் முக்கியம்.

பலரும் பெட்டியில் போட்டிருக்கும் ஓம் எண்ணைப் பார்த்துத்தான் பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். காயிலில் 42 கேஜ் (தடிமன் எண்) கம்பிக்குப் பதில் அதைவிட மெல்லிய 43 கேஜில் அதே அளவு சுற்றினாலே ஓம் ஏறிவிடும், டோன் அந்த அளவுக்கு மாறாது. கவனிக்க வேண்டியது இண்டக்டன்ஸ், அதாவது மின்னோட்டம் மாறுவதைக் காயில் எதிர்க்கும் அளவு. சுற்று கூடக்கூட அது ஏறும். அதுவும் கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் (மின்னேற்றத்தைத் தேக்கும் திறன், கேபிள் நீண்டால் கூடும்) சேர்ந்துதான் ரெசனன்ஸ் உச்சம் (பிக்கப் அதிகமாக எடுத்துக் கொடுக்கும் அதிர்வெண்) எங்கே விழும் என்று முடிவு செய்கின்றன. உச்சம் கீழே இறங்கினால் ட்ரெபிள் மங்கி, மிட் முன்னால் வரும். 6 மீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டு 3 மீட்டர் கேபிள் போட்டுப் பாருங்கள், பிக்கப்பையே மாற்றியது போல இருக்கும்.

கிப்சனில் சேத் லவர் 1955ல் ஹம்பக்கருக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது மின் இரைச்சலைக் கொல்லத்தான். ஆனால் இரண்டு காயில்கள் கிதார் கம்பியை இரண்டு இடத்தில் பிடிப்பதால் சில மேல் ஹார்மோனிக்ஸும் அடிபட்டுப் போகின்றன. அந்தக் கதகதப்பில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வருகிறது.

அப்புறம் பாட், அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு அடியில் இருக்கும் மாறு மின்தடை. என் கிதாரில் இருப்பது 500கே (கிலோ ஓம்) வால்யூம் பாட். ஹம்பக்கருக்கு அது சரி, சிங்கிள் காயில்களோ அதில் காதைக் குத்தின. அவை தேர்வாகும்போது மட்டும் 470கே ரெசிஸ்டர் ஒன்று வால்யூம் பாட்டுக்கு இணையாகச் சேரும்படி ஸ்விட்சில் சாலிடர் செய்தேன். சிங்கிள் காயில்களுக்கு எதிரே இருக்கும் மொத்த மின்தடை இப்போது சுமார் 242கே. இவ்வளவு சின்னச் செலவில் இவ்வளவு பெரிய மாற்றத்தை வேறு எதிலும் நான் கேட்டதில்லை.

நெக் பிக்கப்பைக் கம்பிக்கு ரொம்பக் கிட்டே ஏற்றாதீர்கள். அல்நிகோ காந்தங்கள் கம்பியை இழுக்கும், மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி அலையும். திருகைக் கொஞ்சம் இறக்கிவிட்டு மறுபடி வாசித்துப் பாருங்கள். புதிய பிக்கப்புக்கு ஆர்டர் கொடுப்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.