வைஃபை கார்டை மாற்றியதாகப் பணம் வாங்கினார்கள், மாற்றவே இல்லை: வான்படம் எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

தொலைநோக்கியின் மேல் பொருத்தியிருக்கும் மினி கணினியை வைஃபை கோளாறுக்காக சர்வீஸுக்குக் கொடுக்கப் போகிறீர்களா? கொடுப்பதற்கு முன் அதன் வைஃபை கார்டுக்கே உரிய அடையாள எண்ணான மேக் முகவரியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் கணினியில் புது வைஃபை கார்டு போட்டதாக பில் கொடுத்தார்கள். உள்ளே இருந்தது பழைய கார்டுதான். போதாததற்கு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் மென்பொருள் ஒன்றையும் நிறுவி வைத்திருந்தார்கள். வானியல் கருவிகள் எங்கள் சிறப்பு என்று விளம்பரம் செய்கிற இடம் அது. இதே கோளாறோடு வேறு யாரும் அங்கே போய் நிற்கக் கூடாது என்பதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

என் அமைப்பு பலரிடமும் இருப்பதுதான். தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்ட், படமெடுக்கும் குளிரூட்டும் கேமரா, மவுண்ட் இலக்கை விட்டு விலகாமல் ஒரு விண்மீனைப் பார்த்துத் திருத்த (இதுதான் கைடிங்) உதவும் கைட் கேமரா, ஃபோகஸைச் சரிசெய்யும் ஃபோகஸர் எல்லாம் மினி கணினியில் இணைந்திருக்கும். நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்து டேப்லெட்டில் ரிமோட் டெஸ்க்டாப் வழியாகப் பார்த்துக்கொள்வேன். மவுண்டைத் திருப்பும்போது, ஃபோகஸரை நகர்த்தும்போது, கைடிங் ஓடும்போது ஒரு தொந்தரவும் இல்லை. ஒவ்வொரு எக்ஸ்போஷரும் முடிந்து படம் கேமராவிலிருந்து இறங்கும் நேரத்தில் திரை உறையும். சில சமயம் மீளும், சில சமயம் இணைப்பே அறுந்துபோகும். ஆனால் காலையில் பார்த்தால் படங்கள் ஒன்று விடாமல் டிஸ்கில் இருக்கும், கைடிங் வரைபடத்திலும் இடைவெளி இருக்காது. இதையெல்லாம் நேர வாரியாக எழுதிக் கொடுத்துத்தான் கணினியை ஒப்படைத்தேன்.

அந்தத் தாளை யாராவது படித்திருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்திருக்கும். இணைப்பு அறும்போது படமெடுப்பும் சேர்ந்து நின்றால் சந்தேகம் முதலில் மின்சாரத்தின் மேல் விழ வேண்டும். கேமரா கூலரும் பனி ஹீட்டரும் ஒன்றாக இழுக்கும்போது மெல்லிய கேபிளில் வோல்டேஜ் நன்றாகவே இறங்கும். 22 கேஜ் கம்பியில் (கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும்) 3 மீட்டர் தூரம், போக வர 6 மீட்டர், 5 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் 1.5 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலையும். 12 வோல்ட் அனுப்பினால் கணினிக்குப் பத்தரைதான் கிடைக்கும். கணினி ரீஸ்டார்ட் ஆகும், பார்ப்பவர் வைஃபை போய்விட்டது என்று நினைப்பார். 18 கேஜ் கம்பியில் இதே கணக்கு 0.6 வோல்ட் சுற்றித்தான் வரும். நான் கூலர் முழு வேகத்தில் ஓடும்போதே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்திருந்தேன், பெரிய இறக்கம் எதுவும் இல்லை. படமெடுப்பும் நிற்கவில்லை. அதாவது கணினி நன்றாக இருந்தது, காற்றில் போகும் இணைப்பு மட்டும்தான் குறிப்பிட்ட நொடிகளில் விழுந்தது. அதையும் அந்தத் தாளில் எழுதியிருந்தேன்.

பிறகு போன் வந்தது. "சார், வைஃபை கார்டு போயிடுச்சு. மாத்தினாத்தான் சரியாகும்." எப்படிச் சோதித்தீர்கள் என்று கேட்டேன். ரவுட்டர் பக்கத்தில் வைத்து வீடியோ ஓட விட்டார்களாம், விட்டு விட்டு வந்ததாம். கேமராவைக் கொண்டு வரட்டுமா, அதை மாட்டியபோதுதானே கோளாறு வருகிறது என்றேன். "கேமரா எதுக்கு சார்? வைஃபைக்கும் கேமராவுக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் இருக்கிறது. இந்தத் துறையில் சர்வீஸ் செய்கிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். யூஎஸ்பி 3.0 நொடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தில் தரவை அனுப்புகிறது. அந்த வேகத்தில் கேபிளிலும் பிளக்கிலும் இருந்து கசியும் மின்காந்த இரைச்சல் பரந்த அலைவரிசையில் பரவும், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஓடும் பகுதியும் அதற்குள் வரும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றித் தனி ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. மினி கணினியில் வைஃபை ஆன்டெனா இருப்பது மூடிக்கு அடியில், யூஎஸ்பி சாக்கெட்டுகளுக்கு ஒரு சாண் தூரத்துக்குள். கேமராவிலிருந்து படம் இறங்கும் அந்த ஓரிரு நொடிகளில் ஆன்டெனாவைச் சுற்றி இரைச்சல் எழும்பும், தூரத்திலிருந்து வரும் டேப்லெட்டின் மெல்லிய சிக்னல் அதற்குள் மூழ்கிவிடும். கைட் கேமரா ஓயாமல் படம் அனுப்பினாலும் தொந்தரவு வராததற்குக் காரணம் அது யூஎஸ்பி 2.0 என்பதுதான்.

இதைச் சோதிக்க என் கேமரா கூட அவர்களுக்குத் தேவையில்லை. ஏதாவது ஒரு யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கை மாட்டிப் பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்க விட்டு, சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையை ஓடவிட்டுப் பார்த்திருக்கலாம். கால் மணி நேர வேலை. அதைச் செய்யாமல் கார்டு போய்விட்டது என்று தீர்ப்பு சொல்லி, சோதனைக் கட்டணம், கார்டு விலை, மாற்றும் கூலி என்று மூன்றுக்கும் தனித்தனியாகப் பணம் வாங்கினார்கள். பழைய கார்டைக் கேட்டேன். "தூக்கிப் போட்டுட்டோம் சார்" என்றார்கள்.

கணினி திரும்பி வந்தபோது நிலைமை முன்பைவிட மோசம். வழக்கமாக நான் உட்காரும் இடத்தில், அதே டேப்லெட்டில், சிக்னல் -55 டிபிஎம் அளவில் இருக்கும் (டிபிஎம் சிக்னல் வலிமையின் அளவு, மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் பலவீனம்). இப்போது -70-ஐத் தாண்டிப் போனது. ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் சக்தி பத்தில் ஒன்றாகக் குறையும் என்பதால் இது சின்ன வித்தியாசம் இல்லை. அழைத்துச் சொன்னதும் பதில் தயாராக இருந்தது: திறந்த வெளியில் அப்படித்தான் இருக்கும், பூஸ்டரும் பெரிய ஆன்டெனாவும் வாங்கிப் போடுங்கள், எங்களிடமே இருக்கிறது. பூஸ்டரால் என் கோளாறு தீராது. மிக்ஸி ஓடும்போது அதன் பக்கத்தில் நிற்பவருக்கு நாம் பேசுவது கேட்காது, அவர் காதில் பெரிய குழலை வைத்தாலும் மிக்ஸி சத்தம்தான் கூடுதலாகக் கேட்கும். இரைச்சல் கிளம்பும் இடத்தை விட்டுவிட்டு ஆன்டெனாவை மட்டும் பெரிதாக்குவதும் அப்படித்தான்.

சந்தேகம் வந்ததும் என் ரவுட்டரில் பழைய சாதனப் பட்டியலைத் திறந்தேன். சர்வீஸுக்கு முன் இந்தக் கணினி இணைந்திருந்த மேக் முகவரி அதில் பதிவாகியிருந்தது. இப்போதைய முகவரியோடு ஒப்பிட்டேன். பன்னிரண்டு எழுத்தும் அப்படியே ஒத்துப்போயின. மேக் முகவரி 48 பிட் எண், தயாரிப்பாளர் ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனியாகக் கொடுப்பது. இந்த வகைக் கணினியில் அது கார்டோடு வரும், கார்டு மாறினால் எண்ணும் மாறியே தீரும். மென்பொருளில் பழைய எண்ணைத் திணிக்க முடியும் என்பது எனக்கும் தெரியும். அதனால் டிரைவர் அமைப்பில் அந்த இடத்தைப் பார்த்தேன், காலியாக இருந்தது. உண்மையான எண்ணுக்குப் பதில் ஏதோ ஓர் எண்ணைக் காட்டும் ரேண்டம் முகவரி வசதியும் அணைந்தே இருந்தது. வாரண்டி முத்திரையை அவர்களே கிழித்திருந்தார்கள் என்பதால் மூடியைத் திறந்தும் பார்த்துவிட்டேன். கார்டின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் அதே எண், அதன் மேல் பழைய தூசி. கார்டில் அழுத்திப் பொருத்தும் இரண்டு குட்டி ஆன்டெனா இணைப்புகளில் ஒன்று கழன்று தொங்கியது. சிக்னல் ஏன் அவ்வளவு விழுந்தது என்பதற்கு அதுவே பதில்.

படங்களோடு எழுதி அனுப்பினேன். "ஒரே கம்பெனி கார்டுக்கு ஒரே நம்பர்தான் சார் வரும்" என்று முதலில் சொன்னார்கள். அது பச்சைப் பொய். ஒரே எண்ணில் இரண்டு கார்டுகள் ஒரே வலையமைப்பில் இருந்தால் இரண்டுமே ஒழுங்காக வேலை செய்யாது. வாரக்கணக்கில் விடாமல் எழுதிய பிறகு கார்டு விலையையும் கூலியையும் திருப்பித் தந்தார்கள். சோதனைக் கட்டணம் வரவில்லை. முத்திரை கிழிந்ததால் தயாரிப்பாளரின் வாரண்டியும் போய்விட்டது, அதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

எனக்கு மிகவும் கோபம் வந்த விஷயம் இனிமேல்தான். என்னென்ன மாற்றியிருக்கிறார்கள் என்று கணினியைத் துருவியபோது விண்டோஸ் ஃபயர்வால் எல்லா வகை வலையமைப்புக்கும் அணைந்து கிடந்தது. கூடவே, கணினி ஆன் ஆனதும் தானாகத் தொடங்கும் ரிமோட் மென்பொருள் ஒன்று, நான் அனுமதிக்காமலே உள்ளே வரும்படி நிரந்தரக் கடவுச்சொல்லுடன் இருந்தது. என் வீட்டு வலையமைப்பில் இணையும் கணினி அது. சப்போர்ட்டுக்காகப் போட்டோம் என்றார்கள். கேட்காமல் போட்டது, சொல்லாமல் விட்டது, இரண்டுமே மன்னிக்க முடியாதவை. ஃபயர்வாலை அணைக்க எந்த அவசியமும் இல்லை. புதிய ஹாட்ஸ்பாட்டை விண்டோஸ் 'பொது' வலையமைப்பு என்று எடுத்துக்கொண்டு ரிமோட் டெஸ்க்டாப்பைத் தடுத்தால், அதைத் 'தனியார்' என்று மாற்றினால் பெரும்பாலும் போதும். இல்லையென்றால் அந்த மென்பொருள் பயன்படுத்தும் எண்ணிட்ட வாசலை, அதாவது போர்ட்டை, மட்டும் திறக்கலாம். ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 3389, வானியல் கருவிகளை இயக்கும் இண்டி சர்வருக்கு 7624. வீட்டுக் கதவையே கழற்றி வைக்க வேண்டியதில்லை.

கடைசியில் கோளாறு எப்படித் தீர்ந்தது என்று கேட்பீர்கள். கழன்ற ஆன்டெனாவை மாட்டினேன், சிக்னல் பழைய அளவுக்கு வந்தது. அப்புறம் பட்டப்பகலில், வீட்டுக்குள், கேமராவுக்கு மூடி போட்டு, ஒளி படாத டார்க் படங்களாக எடுக்கவிட்டேன். பிங் பதில்கள் படம் இறங்கும் நேரத்தில் மட்டும் தவறின. கேமராவை யூஎஸ்பி 2.0 கேபிளில் மாட்டினேன், ஒன்று கூடத் தவறவில்லை. காரணம் உறுதியாகிவிட்டது. வானம் தெளியும்வரை காத்திருக்கக் கூடத் தேவைப்படவில்லை.

நெபுலா, விண்மீன் மண்டலம் என்று நீண்ட எக்ஸ்போஷர் எடுப்பவர்கள் யூஎஸ்பி 2.0-இலேயே இருந்துவிடலாம். 26 மெகாபிக்சல், 16 பிட் படம் ஒன்று 52 மெகாபைட் அளவு. யூஎஸ்பி 2.0-இல் இறங்க ஒன்றரை, இரண்டு நொடி ஆகும். ஐந்து நிமிட எக்ஸ்போஷருக்கு நடுவில் அது ஒரு பொருட்டே இல்லை. கோள்களை வீடியோவாக எடுப்பவர்களுக்கு மட்டும் 3.0 வேகம் வேண்டும். நான் அவ்வப்போது கோள்களும் எடுப்பதால் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன், நன்றாகக் கவசமிட்ட குட்டைக் கேபிள் வாங்கி அதைக் கணினியின் மறுபக்கமாகக் கொண்டு போனேன். இப்போது அறுவதே இல்லை. 5 கிகாஹெர்ட்ஸில் எட்டும் தூரம் குறைவுதான், ஆனால் நடுவில் சுவர் இல்லாத இடத்தில் அது பெரிய குறை இல்லை. திறந்த வெளியில் எந்தச் சேனல் அனுமதி என்பது நாட்டுக்கு நாடு மாறும், கருவியில் நாட்டைச் சரியாகத் தேர்வு செய்துவிடுங்கள். 52-லிருந்து 144 வரையான சேனல்களில் ராடார் சிக்னலைக் கண்டால் ஹாட்ஸ்பாட் அந்தச் சேனலை விட்டு விலகிவிடும், அந்த நொடியில் உங்கள் இணைப்பும் போகும். இரைச்சலைக் குறைக்கக் கேபிளில் மாட்டும் ஃபெரைட் வளையம் போட்டும் பார்த்தேன், எனக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை.

காசு கொடுக்கும் முன் வீட்டிலேயே பார்த்துவிடக்கூடிய வேறு சில விஷயங்களும் உண்டு. கருவியின் ஹாட்ஸ்பாட்டில் இணையம் இல்லை என்று தெரிந்ததும் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவும், அதனால் மொபைல் டேட்டாவை அணைத்துப் பாருங்கள். வைஃபை அடாப்டரின் மின்சேமிப்பு அமைப்பை எடுத்துவிடுங்கள். 2.4-லேயே இருக்க வேண்டும் என்றால் 1, 6, 11 ஆகிய சேனல்களில் எது காலியோ அதில் வையுங்கள். கணினியை அலுமினியத் தகடுகளுக்கு நடுவே செருகியிருந்தால் இடம் மாற்றுங்கள்.

இதெல்லாம் செய்தும் சர்வீஸுக்குத்தான் போக வேண்டும் என்றால், கேமரா மாட்டி ஓடவிட்ட சோதனையின் பதிவையும் கழற்றிய பாகத்தையும் தருவோம் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். டிஸ்கைக் கழற்ற முடியும் என்றால் கழற்றி வைத்துவிட்டுக் கொடுங்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஏற்கெனவே கொடுத்து வாங்கியவர்கள் இன்றைக்கே ஸ்டார்ட்அப் பட்டியலைத் திறந்து, நீங்கள் நிறுவாத ரிமோட் மென்பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் இணையத்தைத் துண்டித்து அதை நீக்குங்கள், அப்புறம் வைஃபை கடவுச்சொல்லையும் அந்தக் கணினியில் நுழைந்திருந்த கணக்குகளின் கடவுச்சொற்களையும் வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.